ஊர்ப்பெயர் இல்லாத சுவர்

காலை எட்டேகால் மணிக்கு டாக்சியிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது புல். ஒரே உயரத்துக்கு வெட்டப்பட்டு, மேய ஒரு ஆடுகூட இல்லாமல், குன்றின் உச்சிவரை போனது. திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரான சித்தையன்கோட்டையிலிருந்து கிளம்பிக் கப்பலில் வந்திருந்த என் அண்ணன் மனைவியும் அதைத்தான் பார்த்தார். "இம்புட்டுப் புல்லையும் என்ன தம்பி பண்ணுவாக?"

போரில் மாண்ட சிப்பாய்களின் நினைவிடம் அது. சிங்கப்பூருக்கு உறவினர் வந்தால் கடலோரப் பீரங்கிகளையும், அருங்காட்சியகத்தில் துருப்பிடித்த துப்பாக்கிகளையும் காட்டுவது இங்குள்ளவர்கள் வழக்கம். நானும் என் மனைவியும் முந்தைய நாளே காட்டிவிட்டோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு சிப்பாயின் தண்ணீர்க் குப்பிக்கு முன்னால் மட்டும் மதினி நின்றார்.

அண்ணன் முத்துச்சாமி ஜப்பானியரோடு நடந்த இந்த ஊர்ச் சண்டையில் காணாமல் போனவர். வீட்டுக்கு வந்த தந்தியில் 'மிஸ்ஸிங்' என்று இருந்தது. வாசித்தவர் அதைத் "தவறிட்டாரு" என்று சொன்னார். ஊர் அழுதது. மதினி அழவில்லை. "திருவிழாவுல புள்ள தவறுறதில்லையா? தேடுனாக் கெடைக்குதுல்ல" என்றார். தாலியைத் தொட விடவில்லை. இத்தனை வருடம் கழித்து இப்போது அவருடைய அண்ணன்மார், கருமாதியாவது செய்து முடித்துவிட வேண்டும் என்று நெருக்கினார்கள். "அங்க பேரு எழுதிக் கெடக்காம்ல. கண்ணால பாத்துட்டேன்னா நானே கழத்திர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கப்பலேறியிருந்தார்.

சுவரில் படைப்பிரிவு வாரியாகப் பெயர்கள். அண்ணனுடைய பிரிவைத் தேடிப் பிடித்து, ஆங்கில எழுத்துகளைத் தொட்டு "முத்துச்சாமி" என்று வாசித்தேன். அருகில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மதினியின் தோளைத் தொட்டு "ஸாரி" என்றார். அந்தச் சொல் மதினிக்குத் தெரியும். திண்டுக்கல் பஸ்ஸில் காலை மிதித்தவர்கள் சொல்வது.

"இந்தம்மா எதுக்கு மன்னிப்புக் கேக்குது? இதுவா தொலைச்சுச்சு?"

மதினியின் விரல் பெயருக்குக் கீழே தடவியது.

"அடுத்து என்ன போட்டிருக்கு?"

"அடுத்த ஆளு பேரு, மதினி."

"ஊர்ப்பேரு?"

"ஊரெல்லாம் போடல."

"சித்தையன்கோட்டை முத்துச்சாமின்னா நம்ம ஆளு. வெறும் முத்துச்சாமின்னா எவனோ. நம்ம தெருவுலயே நாலு பேரு இருக்காக."

"பட்டாளம் அண்ணன் இருந்த பட்டாளந்தான்."

"பட்டாளத்துல உங்க அண்ணன் ஒருத்தர்தான் இருந்தாராக்கும்."

பத்திரிகை அலுவலகத்தில் செய்திகளைச் சரிபார்ப்பது என் வேலை. இதை எதைக் கொண்டு சரிபார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. திண்டுக்கல் பஸ் நிலையத்தில் செத்த நேரம் நின்றால் போதும், எந்த ஊர், யார் மகன் என்று யாராவது கேட்டுவிடுவார்கள். இங்கே அடையாள அட்டையின் எண்ணைக் கேட்கிறார்கள். இத்தனை வருடத்தில் என் ஊரைக் கேட்டவர் ஒருவருமில்லை.

சுவரடியில் வைப்பதற்காக மல்லிகைச் சரம் வாங்கி வந்திருந்தோம். என் மனைவி அதை நீட்டினாள். மதினி வாங்கிக்கொண்டார். வைக்கவில்லை. திரும்பும் வழியில், டாக்சியில், சரத்தை இரண்டாகக் கிள்ளி ஒரு துண்டை என் மனைவியிடம் கொடுத்தார். மற்றதைத் தன் கொண்டையில் வைத்துக்கொண்டார்.