இரண்டாவது ஸ்டொப்

1. மேசையில் ஒழுங்காக ஓடிய பிளேயர்

“பிழை மெஷின்லயா, இல்ல என்ட மகள்லயா? அத மட்டும் சொல்லுங்க தம்பி.”

எத்தாளையிலிருந்து வந்த மரக்கறி வியாபாரி ஒருவர், துவாயில் சுற்றிக் கொண்டுவந்த டிவிடி பிளேயரை என் மேசையில் வைத்துவிட்டு இப்படிக் கேட்டார். யுத்தம் முடிந்த பிறகு கற்பிட்டியில் ஒரு ரிப்பேர் கடையில் நான் வேலை செய்த காலம் அது. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த என் குடும்பத்துக்கு அந்தக் கடைதான் சோறு போட்டது.

அவருடைய மகள் ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தில் தவறி, மறுபடி எழுதக் காத்திருந்தாள். புத்தளம் டவுன் வகுப்புக்குப் போனால் திரும்பி வர இருட்டிவிடும் என்று அவர் அனுப்பவில்லை. பதிலாக, ஒரு மாஸ்டரின் பாடங்கள் பதிந்த டிஸ்க் வாங்கிக் கொடுத்திருந்தார். மகள் பின்னேரம் தொடங்கி பொழுதுபட்டு மஹ்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை பார்ப்பாள். இவர் பள்ளியில் தொழுதுவிட்டு வந்து பிளே பட்டனை அமர்த்தினால், ஒவ்வொரு நாளும் முதலாம் பாடமே வரும்.

“ஏழாம் பாடத்துக்கு வந்துட்டேன் வாப்பா, அது தானா திரும்பத் தொடக்கத்துக்குப் போகுதுண்டு சொல்றா. அவ சினிமாப் படம் பாக்குறாவோ என்னவோ! வெள்ளிக்கிழம மாப்பிள்ள வீட்டார் வாறாங்க. மெஷின்ல பிழை இல்லாட்டி, படிப்ப நிப்பாட்டிட்டு கலியாணத்துக்கு நான் ஓம் சொல்லிடுவேன்.”

இப்படியான பிளேயர்களில் ஸ்டொப்பை ஒருமுறை அமர்த்தினால் நின்ற இடம் நினைவில் இருக்கும். பிறகு பிளேயை அமர்த்தினால் அங்கிருந்தே தொடங்கும். ஸ்டொப்பை இரண்டாவது முறை அமர்த்தினால் அந்த இடம் அழிந்துவிடும். அவருடைய பிளேயரைப் பல தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றிப் போட்டும் பார்த்தேன். இடத்தை அது மறக்கவேயில்லை.

“மகள் ஸ்டொப்ப ரெண்டு தரம் அமத்துறாவோ, நானா?” என்று கேட்டேன். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்.

“ஒரு தரந்தானாம். அத நானும் கேட்டுட்டேன்.”

டிஸ்க்கின் மெனுவும் கைகொடுக்கவில்லை. அது கொப்பி அடித்த டிஸ்க். பாடங்களின் பெயர்கள் திரையில் வரிசையாக வரும், ஆனால் அம்புக்குறி பட்டனை அமர்த்தினால் எதுவும் அசையாது. எப்போதும் முதலாம் பாடம்தான் பிடிபடும். விரும்பிய பாடத்துக்கு நேரே தாவ ‘கோட்டோ’ பட்டன் வேண்டும். அவர் கொண்டுவந்த ரிமோட்டில் அது இல்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். “வேலை செய்ற சாமானுக்கு என்ன ரிப்பேர்? பிழை இல்லண்டு சொல்லிக் குடுத்து அனுப்புங்க.”

தொழில்படி அதுதான் சரியான பதில். ஆனால் என் வீட்டிலும் ஓ.எல். எழுதும் மகள் ஒருத்தி இருந்தாள். வாய் வரவில்லை. “வீட்டில வச்சுத்தான் சொல்லலாம் நானா. நாளைக்குப் பின்னேரம் வாறன். நீங்களும் அந்த நேரம் நில்லுங்கோ” என்றேன்.

2. மஹ்ரிப் பாங்கு

மறுநாள் கோட்டோ பட்டன் உள்ள பழைய ரிமோட் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். முன்னறையில் அந்தப் பிள்ளை கொப்பியும் பேனையுமாக டீவிக்கு முன்னால் இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன்னைப் பரிசோதிக்க வந்த ஆள் என்று நினைத்திருப்பாள். அதில் தவறும் இல்லை. பாடத்தை வேகமாக ஓட்டி ஓட்டி ஏழாவதற்கு வந்து, கணக்கைப் போடத் தொடங்கினாள். தகப்பன் கதிரையில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாங்கு கேட்டது. அவள் ரிமோட்டில் ஸ்டொப்பை ஒருமுறை அமர்த்திவிட்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கக் கிணற்றடிக்குப் போனாள். நான் நேரில் கண்டேன், ஒரே ஒரு முறைதான்.

திரை அணையவில்லை. நீல வெளிச்சத்தில் பிளேயரின் பெயர் நின்றது. அப்போது குசினியிலிருந்து தாய் முந்தானையில் கையைத் துடைத்தபடி விரைந்து வந்து, பிளேயரின் முன்பக்கத்தில் இருந்த ஸ்டொப்பை அமர்த்தினா. பிறகு டீவியையும் நிறுத்தினா.

“தினமும் இப்படித்தான் செய்யிறனீங்களோ?” என்று கேட்டேன்.

“ஓம். வெளிச்சம் நிக்குதே, அவ அமத்தினது விழல்லண்டுதான் நானும் அமத்துற. பாங்கு சொல்லக்குள்ள டீவி ஓடப்படாதே!”

நான் டீவியைப் போட்டுப் பிளேயை அமர்த்தினேன். முதலாம் பாடம் வந்தது. நடந்ததை இருவருக்கும் விளக்கினேன்.

தகப்பன் மனைவியின் பக்கம் திரும்பினார். பிறகு சிரிக்கப் பார்த்தார். “ஏழு பாடத்தையும் அழிச்சது இவளா! பரீட்சைக்கும் நீயே போய் எழுது.”

“நீங்க பாங்குக்கு எத அமத்துறீங்க? என்ட வாய மட்டுந்தான்” என்றா அவர் மனைவி.

மகள் முகம் கழுவிய ஈரத்தோடு வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“மகள், நீங்க சொன்னது மெய்தான்” என்றார் அவர். “வெள்ளிக்கிழம அவங்கள வரவேணாண்டு சொல்லிடுறேன். நீங்க படிங்க.”

“நான் சொன்னப்ப பொய். கடைக்காரர் வந்து சொன்னா மெய்யா, வாப்பா?”

குரல் உயரவில்லை. சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அன்று அவர் பள்ளிக்குப் போகவில்லை.

தொழுகை முடிந்து அவள் வந்ததும் கோட்டோவைக் காட்டிக் கொடுத்தேன். கோட்டோ, ஏழு, என்டர். நேரே ஏழாம் பாடம். ஒருமுறை காட்டியதே அவளுக்குப் போதும். “தேங்ஸ் அங்கிள்” என்றாள். தகப்பனோடு அவள் பேசியதை நான் இருந்தவரை காணவில்லை.

3. கற்றுக்கொண்டது

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மேசையில் ஒழுங்காக ஓடுகிறது என்பதற்காகப் பிழை இல்லை என்று எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டில் அதை யார் அமர்த்துகிறார்கள், எந்த நேரத்தில், ஏன் என்று கேளுங்கள். அன்று முதலாளியின் சொல்லைக் கேட்டு நான் வாய் திறந்திருந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு அந்த வெள்ளிக்கிழமையோடு நின்றிருக்கும்.

எத்தாளையிலிருந்து திரும்பிய அன்றிரவு என் மகள், கணக்கு எல்லாம் செய்து முடித்துவிட்டேன் என்றாள். சரி என்றேன். ஆனாலும் அவள் நித்திரையான பிறகு கொப்பியைத் திறந்து பார்த்தேன். செய்துதான் வைத்திருந்தாள்.