ஒரே வீட்டில் இரண்டு நெஞ்சு வருத்தம்

வரதராசாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது 1996இல். அன்றோடு கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் நடைமுறையே மாறிப்போனது. மனைவி றஞ்சிதம் அவருக்கென்று தனிச் சட்டியில் உப்புக் குறைத்து, தேங்காய்ப்பால் விடாமல் கறி வைத்தாள். மருந்துக் குளிசைகளை நேரம் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். காலையில் அவர் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வரும்போது சீனி போடாத தேநீர் தயாராயிருக்கும்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்கும் வந்தது. முதுகிலும் தாடையிலும் நோவு. வியர்த்துக் கொட்டியது.

"வாய்வாயிருக்கும். இஞ்சி போட்டுக் குடியும்," என்றார் வரதராசா.

குடித்தாள். மத்தியானச் சமையலையும் முடித்தாள். பின்னேரம் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மாரடைப்பு என்றார் டொக்டர்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தவள் பதினோராம் நாள் அடுப்படியில் நின்றாள். வரதராசாவின் தங்கை பத்மாவதி குடும்பத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடா விசாவுக்காக இவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். அந்த நாலு பேருக்கும் உப்பும் உறைப்புமாய் ஒரு சமையல், வரதராசாவுக்கு மட்டும் அளவாய் ஒரு சமையல். தனக்கென்று மூன்றாவது சட்டி வைக்க றஞ்சிதத்துக்குத் தெம்பில்லை. மிஞ்சியதைச் சாப்பிட்டாள். மிஞ்சுவது உப்புக் கறிதான்.

கிளினிக்கில் டொக்டர் இருவருக்கும் பிரஷர் பார்த்தார்.

"ஐயாவுக்குப் பரவாயில்லை. அம்மாவுக்குத்தான் குறையுதில்லை. நடக்கிறீங்களா அம்மா?"

அவள் வாய் திறக்குமுன் வரதராசா முந்திக்கொண்டார். "வீட்டுக்குள்ள நாள் முழுக்க நடைதானே, டொக்டர்."

டொக்டர் சிரித்தார். றஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவர் எழும்புமுன் தனியே நடக்கக் கிளம்பினாள். சண்டைக் காலம்; காலி வீதிச் சோதனைச் சாவடியில் பொலிஸ்காரர் மறித்தார்கள். அவசரத்தில் அடையாள அட்டையை எடுக்க மறந்திருந்தாள். "ஹார்ட் அசனீப, மாத்தயா," என்று, நெஞ்சு வருத்தமென்பதைத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் மூன்று மணித்தியாலம் இருந்தாள். வரதராசா அட்டையோடு வந்துதான் கூட்டிப்போனார்.

"இனி உமக்கு இந்த நடை வேண்டாம்."

"போன மாசம் உங்களையும்தானே மறிச்சவங்கள். நீங்கள் நடையை விட்டனீங்களோ?"

"நானும் நீரும் ஒண்டே?"

அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். அன்று ஒரே சட்டியில், எல்லாருக்கும் உப்புக் குறைத்துக் கறி வைத்தாள்.

"மச்சாள், உப்புப் போட மறந்திட்டீங்கள்," என்றாள் பத்மாவதி.

"மறக்கேல்லை. இனி இப்பிடித்தான்."

வரதராசா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வந்த சனத்துக்குப் பத்தியச் சோறு போடுவதா என்று இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பத்மாவதி தங்கள் சமையலைத் தானே பார்க்கத் தொடங்கினாள்.

நடைக்கு ஞாயிறுகளில் மட்டும் கூட்டிப்போக வரதராசா சம்மதித்தார். இருவரின் அட்டையும் அவருடைய சட்டைப்பைக்குள். அவர் முன்னால் விறுவிறென்று போக, இவள் மூச்சிரைக்க ஓடவேண்டியிருந்தது. இரண்டாவது ஞாயிறு நடுவீதியில் நின்றுவிட்டாள்.

"என்ர ஐடென்டிட்டியைத் தாங்கோ."

அவர் தயங்கினார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கிக்கொண்டு தன்பாட்டில் நடந்தாள்.

நடை இன்னும் ஞாயிறுகளில் மட்டும்தான். மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் பார்த்தபோது பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இன்னும் குறையவேணும், அம்மா. ஒவ்வொரு நாளும் நடக்கோணும்."

"எனக்குத் தெரியும், டொக்டர்," என்றாள் றஞ்சிதம். "இதை இவருக்குச் சொல்லுங்கோ."