கோயில் திடலில் மறைத்த வண்டி

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு பழைய வேனை வாங்கினார். கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு பட்டறையில் அதைக் கொடுத்து, இரண்டு பேர் படுக்க ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, தலைக்கு மேல் அலமாரி என்று எல்லாம் பொருத்தி எடுத்து வந்தார். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுக் கோடு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே அதை நிறுத்த இடம் தேடி அவர் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து, "கட்டுன பொண்டாட்டிய ஒரு நாளாவது இப்படிச் சுத்தி வந்திருக்கீங்களா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அந்த வண்டி வந்த பிறகு அவருக்கு எதற்குமே கோபம் வருவதில்லை.

பயணத் திட்டம் அவருடையது. கிள்ளானில் ஆரம்பித்துக் கடலோரமாகவே வடக்கே போய், சின்ன ஊர்களில் இருக்கும் இரண்டு பக்கத்துச் சொந்தங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவது. யார் வீட்டிலும் தங்கித் தொந்தரவு கொடுக்க வேண்டாம், வாசலில் வண்டியை நிறுத்தி அதிலேயே படுத்துக்கொள்ளலாம். சொந்தக்காரர் வீட்டுக் குளியலறையைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று எனக்கும் தோன்றியது. நானும் உற்சாகமாகத்தான் கிளம்பினேன்.

முதல் நிறுத்தம் கிள்ளான், என் பெரியம்மா மகள் வீடு. வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்த அக்கா வாயைப் பிளந்தாள்.

"ஐயோ, கேரவன்! சினிமா ஸ்டாருங்கதான் இதுல வருவாங்கன்னு நெனச்சேன். மேக்கப்ப கலைக்காம எறங்கி வாம்மா!"

உள்ளே ஏறிக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். என் வீட்டுக்காரரை ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார வைத்து, என்னைக் கதவருகே கரண்டியோடு நிற்க வைத்துப் படம் எடுத்தாள். அடுத்த நிமிடமே அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அந்தப் படத்தில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மதியம் சாப்பிடும்போது, "நாளைக்கு எங்க?" என்று கேட்டாள்.

"காப்பார். அண்ணி வீடு."

அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "நீ இன்னும் போகலையா?"

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

"இந்த வண்டியிலயா போற? ஊர் சுத்தப் போறவ, போற வழியில எறங்கித் துக்கம் கேட்டுட்டுப் போவாளா? துக்கத்துக்குன்னு தனியாக் கெளம்பணும்லா. நம்ப பழக்கம் ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். துக்க வீட்டுக்குப் பூ, பழம், இனிப்பு எடுத்துப் போகக் கூடாது. கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. இன்னொரு வேலையோடு சேர்த்து அந்த வாசலை மிதிக்கவே கூடாது. எத்தனை வருடம் கழித்துப் போனாலும் முதல் தடவை போவது துக்கத்துக்குப் போவதுதான்.

என் கூடப் பிறந்தவர் அண்ணன் ஒருவர்தான். என்னைவிட ஏழு வயது மூத்தவர், லோரி ஓட்டினார். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் விடுமுறைக்கு என்னை அழைத்துப் போக லோரியோடு வருவார். கூடப் படிக்கும் பெண்கள் சிரிப்பார்கள் என்று, விடுதிக்கு முன்னால் நிறுத்த வேண்டாம், தெருக்கோடியில் நில்லுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தெருக்கோடியில் லோரியை நிறுத்திவிட்டு நடந்து வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொள்வார்.

நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அவர் இறந்தார். மாவட்டத்துக்கு மாவட்டம் சாலையை அடைத்து போலீஸ் நின்ற நேரம். தகனத்தைப் போனில்தான் பார்த்தேன், அதிலும் படம் பாதியில் நின்றுவிட்டது. இதுவரைக்கும் என் தப்பு எதுவும் இல்லை. ஆனால் சாலையைத் திறந்த பிறகும் நான் போகவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று மாதங்கள் போயின. தாமதமாகப் போனால் அண்ணி என்ன கேட்பாரோ என்ற பயத்தில் இன்னும் தாமதம் ஆனது. முதல் வருடத் திவசத்துக்கு எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து அலமாரியை அடுக்கினேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து காப்பாருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலை அண்ணி வீட்டுப் போனுக்கு அழைத்தேன்.

"அண்ணி, நாளைக்கு வரோம். உங்களப் பார்க்கன்னேதான் வரோம். ரயில்ல கிள்ளானுக்கு வந்து, அங்கேருந்து பஸ்."

"கார் என்னாச்சு?"

"பட்டறையில கெடக்கு."

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற ஆளுங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நீ கேரவன மறைக்கச் சொல்ற."

"ரெண்டு மணி நேரம்தானே. ஒரு ஓரமா நிறுத்துங்க."

காப்பாரில் அண்ணி இருக்கும் தாமான் குடியிருப்புக்கு வெளியே ஒரு மாரியம்மன் கோயிலும் அதை ஒட்டித் திடலும் இருக்கின்றன. திடலின் கடைசியில், மரங்களுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினோம். அங்கேயே அடுப்பைப் பற்றவைத்து மீ கோரெங் நூடுல்ஸ் செய்து வயிறு நிறையச் சாப்பிட்டோம். வாங்கி வைத்திருந்த பழக்கூடையையும் இனிப்பையும் உள்ளேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் வந்தவர்கள் போல் வியர்க்க வியர்க்க நடந்து போனோம்.

அண்ணி கேட்டைத் திறந்து வைத்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். என்னைக் கண்டதும் அவர் கை இரண்டும் முன்னால் வந்தன. இந்த இடத்தில் நான் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அதற்குத்தான் வந்தேன். ஆனால் அவர் என் முதுகைத் தடவி, "வேர்த்துக் கொட்டுது, பஸ்ல கூட்டமா?" என்று கேட்டார். வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"ஆமா அண்ணி, நின்னுக்கிட்டேதான் வந்தோம்" என்றேன்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். எத்தனை மணி ரயில், பஸ் எங்கே ஏறினோம், எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று நான் ஒவ்வொன்றாக அடுக்க, என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த அண்ணனின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் அண்ணன் எங்கள் கல்யாணத்துக்குத் தைத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தார். நான் ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணி கடைசி நாட்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் வெறும் இருமல். பிறகு சாதம் இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது யாரையும் கூட ஏற்றவில்லை, அண்ணனே நடந்து போய் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் செய்தார்.

"ரெண்டாவது தடவ பேசுனப்ப மூச்சு வாங்குது. அப்பவும் ஒன்னப் பத்தித்தான் பேச்சு. என்ன சொன்னாரு தெரியுமா..."

அப்போது என் வீட்டுக்காரர் கைக்குட்டையை உருவினார். அதோடு வண்டிச் சாவியும் வந்து தரையில் விழுந்தது. எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல் ஆகிவிட்டது. சட்டென்று காலை நீட்டிச் சேலையால் சாவியை மூடினேன். அதை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்து, குனிந்து கையில் எடுத்துக்கொள்ளும்வரை என் கண், காது, புத்தி எல்லாம் அந்தச் சாவியில்தான் இருந்தன. நான் நிமிர்ந்தபோது அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார்.

என் அண்ணன் என்னைப் பற்றிப் பேசிய கடைசிப் பேச்சு அது. நான் கேட்கவில்லை. மறுபடியும் சொல்லுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? கேட்டது போலத் தலையை ஆட்டினேன். அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

சமைத்து வைத்திருப்பதாகச் சொன்னார். துக்கத்துக்கு வந்த இடத்தில் சாப்பிடக் கூடாது என்று முறை பேசி மறுத்தேன். மீ கோரெங் நெஞ்சுவரை இருந்தது. அதைச் சொல்லாமல் முறையைச் சொன்னேன்.

நான்கு மணிக்கு எழுந்தோம். வாசலோடு பிரிந்துவிடலாம் என்று நினைத்தால், அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார். "பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன். அண்ணனுக்கு எடம் தெரியாது." அண்ணன் என்றது என் வீட்டுக்காரரை.

பஸ் நிற்கும் இடத்துக்குக் கோயில் திடலைத் தாண்டித்தான் போக வேண்டும். நாங்கள் மரத்துக்குப் பின்னால் மறைத்ததாக நினைத்த வண்டி, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பின் ஜன்னலில் என் நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. அண்ணி நின்றார்.

"நல்ல வண்டி, இல்ல?"

"ம்... நல்லாத்தான் இருக்கு" என்று என் வீட்டுக்காரர் மென்று விழுங்கினார்.

"யாரோ ஊர் சுத்தறவங்க போல" என்று சொல்லிவிட்டு அண்ணி நடந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன்.

கிள்ளான் பஸ் வந்தது. வேறு வழி இல்லாமல் ஏறினோம். அண்ணி கீழே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முறைப்படி நான் 'வரேன்' என்று சொல்லவில்லை. பஸ் திரும்பும்வரை அவர் நகரவில்லை. மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கி, போனில் வாடகைக் கார் கூப்பிட்டுத் திடலுக்குத் திரும்பினோம். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். வண்டி வாங்கிய பிறகு அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே இரண்டு டப்பா, இன்னும் சூடாக இருந்தன. ஒன்றில் சோறு, மற்றதில் மிளகாய் அரைத்து வதக்கிய நெத்திலி சம்பால்.

என் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால், திரையில் 'அண்ணன்' என்று இருந்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர்தான், "எடு" என்றார்.

"வண்டிகிட்ட வந்துட்டீங்களா?" அண்ணியின் குரல். "சம்பால இன்னிக்கே சாப்பிட்டுருங்க, நாளைக்குத் தாங்காது."

"அண்ணி... இந்த நம்பர்..."

"அவரோட போன நான்தான் வச்சிருக்கேன். குரூப்புல வர்றதெல்லாம் பார்ப்பேன். கிள்ளான்ல எடுத்த படம் நல்லா இருந்துச்சு."

அப்படியானால் நேற்று நான் ரயில், பஸ் என்று கதை சொன்னபோதே அவருக்குத் தெரியும். கரண்டியோடு நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கார் என்னாச்சு என்று கேட்டிருக்கிறார்.

"மன்னிச்சிருங்க அண்ணி."

"வண்டியில வந்தா என்ன, பஸ்ல வந்தா என்ன? வந்தா போதும்னுதான் இருந்தேன். நீ ஒரு சொட்டு அழுவேன்னு பார்த்தேன். பொய்யக் காப்பாத்தவே ஒனக்கு நேரம் பத்தல."

நியாயமான பேச்சு. வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் மறைக்க ஒன்றும் பாக்கி இல்லை என்று ஆன பிறகுதான் அதைக் கேட்கத் தைரியம் வந்தது.

"அண்ணி, அண்ணன் கடைசியா என்னப் பத்தி என்ன சொன்னாரு? நீங்க சொன்னப்ப நான் கேக்கல."

"தெரியும். சாவிய மறைச்சுக்கிட்டு இருந்த."

பிறகு அண்ணியே சொன்னார்.

"தங்கச்சிக்கு ஒன்னும் சொல்லாதன்னாரு. அவளுக்குத் தெரிஞ்சா, ரோடு மூடியிருந்தாலும் ஒடனே கெளம்பி வந்துருவா, பாவம், போலீஸ்ல மாட்டிக்குவான்னாரு."