கூப்பிட்டுத்தான் பெட்டி எழும்பும்

மன்னார்த் தீவில் செபமாலை என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். டிப்பர் செபமாலை என்றால் ஒருவர்தான். பழைய பச்சை நிற டிப்பர் லொறி ஒன்றை அவர் ஓட்டினார். மண் கொட்டப் போகிற இடத்தில் லொறியை நிறுத்தி இறங்குவார். சில்லின் டயரில் காலை வைத்து ஏறிப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். பிறகு பின்பக்கம் போய், “ஆக்கள் இறங்குங்கோ, பெட்டி எழும்பப் போகுது” என்று தெருவே கேட்கக் கூப்பிடுவார். அதற்குப் பிறகுதான் பெட்டியை எழுப்புகிற கைப்பிடியைத் தொடுவார்.

கழுவுவதற்காக வெறும் பெட்டியை எழுப்பினாலும் இதே கூத்துத்தான். சந்தையடியில் நின்றவர்கள் அவரைப் போலவே கூப்பிட்டுச் சிரித்தார்கள். தெருவில் படுத்திருக்கிற கழுதைகளைக்கூட அப்படிச் சொல்லி எழுப்பினார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? செபமாலை கோபிக்கவும் இல்லை, கூப்பிடுவதை நிறுத்தவும் இல்லை.

அந்தப் பழக்கம் லெட்சுமணன் செத்த நாளில் வந்தது. சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம் அது. லெட்சுமணனின் குடும்பம் கலவரத்தில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறியது. அவன் செபமாலையின் லொறியில் கூலிக்கு நின்றான். முள்ளிக்குளத்துக்குப் போகிற தெருவுக்குப் போடச் சரளைக் கிறவல் ஏற்றினார்கள். விடியற்காலைக் குளிருக்குக் கிறவல் குவியலின் மேல் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு வருவது கூலிக்காரரின் வழக்கம். அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையடியில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று செபமாலை நினைத்தார். லெட்சுமணன் இறங்கவில்லை, நல்ல நித்திரை.

டிப்பரின் வேலையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பெட்டிக்குக் கீழே, றைவரின் முதுகுப் பக்கமாக, ஒரு இரும்புத் தூண் மடங்கிக் கிடக்கும். அதை ஜக் என்பார்கள். என்ஜின் ஒரு சின்னப் பம்பைச் சுற்றும், பம்ப் பைப் வழியாக ஒயிலை ஜக்குக்குள் தள்ளும், ஜக் நீண்டு பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். பின்பக்கத்தை இரண்டு பெரிய ஆணிகள் பிடித்திருக்கும். பெட்டி சரிந்ததும் உள்ளே இருப்பது எல்லாம் தானாகப் போய் விழும். பத்துப் பேர் மண்வெட்டியோடு அரைநாள் மாரடிக்கிற வேலையை ஒரு கைப்பிடி செய்துவிடும். அதுதான் அதிலுள்ள கேடும். இழுக்கிற கைக்குப் பாரம் தெரியாது. கிறவலும் ஒன்றுதான், கிறவலோடு ஒரு மனுசனும் ஒன்றுதான்.

லெட்சுமணனைத் தோண்டி எடுத்தபோது கழுத்து முறிந்திருந்தது. லொறி முதலாளி பக்கீர் எருக்கலம்பிட்டிக்காரர், நல்ல மனுசன். ‘விதி’ என்று சொல்லி ஆறுதல்படுத்தப் பார்த்தார். விதியின் தலையில் போட்டுவிட்டுப் படுத்துறங்கச் செபமாலையால் முடியவில்லை. சாப்பிடும்போது வலது கையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார் என்று மனைவி அருளம்மா சொல்லுவாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட, கூப்பிடாமல் அவர் பெட்டியை எழுப்பவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். பக்கீரும் உடுத்த உடுப்போடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வள்ளம் ஏறினார். லொறியை வள்ளத்தில் ஏற்ற முடியாதே. சாவியைச் செபமாலையின் கையில் வைத்து, ஜக்கில் ஒயில் குறைய விடவேண்டாம், உப்புக் காற்றில் இரும்பு தின்றுபோகும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு வாசலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைப் பேசியிருந்தால் மனுசன் அந்தக் கரையிலேயே விழுந்து அழுதிருப்பார்.

பிறகு தீவில் இராணுவம் வந்து முகாம் போட்டது. காவலரணுக்கும் மண் அணைக்கும் மண் வேண்டும், மண் அள்ள லொறி வேண்டும். தீவில் உருப்படியாக ஓடுகிற டிப்பர் செபமாலையிடம்தான் இருந்தது. முகாம் கூப்பிட்டால் போகவேண்டும், ஓம் இல்லை என்று சொல்லுகிற காலமா அது? டீசலும் ஒயிலும் அவர்கள் அளந்து கொடுப்பார்கள். கொடுத்ததில் ஊருக்கு மண் கொட்டவும் கொஞ்சம் மிஞ்சும். சந்தி சந்தியாக மறித்துச் சோதித்தாலும் அடுப்பு எரிந்தது.

இப்படி இருக்கையில் ஒரு மாரிகாலத்தில் இந்தியாவுக்குத் தப்பிப்போன அகதிகளின் வள்ளம் ஒன்று கடலில் கவிழ்ந்தது. பெருநிலத்திலிருந்து வந்த குடும்பங்கள். ஓட்டியைத் தவிர வேறு யாரையும் இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நாலு நாள் காற்றும் மழையும். காற்று விழுந்ததும் கடல் அவர்களைத் தீவின் வடகரைக்குக் கொண்டுவந்து கொடுத்தது. அந்தக் கிழமை முழுக்கச் சந்தையில் மீன் வாங்க ஆளில்லை.

பங்குச் சுவாமியார் முகாமுக்குப் போய், பிரேதங்களைக் கோயிலிடம் தரச்சொல்லி மன்றாடிப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள். நோய் பரவும், பொழுதுபட முதல் கரையை மூடவேண்டும், விசாரணை அது இது என்று இழுபட நேரமில்லை. பனங்காட்டுக்குப் பின்னால் புதைக்கிறதுக்கு மெசினால் பெரிய கிடங்கு ஒன்று வெட்டினார்கள். டிப்பர் செபமாலைக்கு ஆள் வந்தது.

கரையில் நின்ற மீனவர்களைப் பிடித்து, பாயில் சுருட்டி ஏற்றச் சொன்னார்கள். செபமாலை கதவைச் சாத்திக்கொண்டு ஆசனத்தில் இருந்தார். மூக்கைத் துவாயால் கட்டியிருந்தார். பின்னால் தொம் தொம் என்று கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடினார். தான் றைவர், ஏற்றுகிற வேலை தன்னுடையது இல்லை, கொண்டுபோய் விட்டால் சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேலே படங்கை இழுத்து மூடினார்கள். அவர் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிடங்கு விளிம்பில் லொறியைப் பின்னுக்கு விட்டு நிறுத்தினார். அதிகாரி நடுத்தர வயசுக்காரர், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். அவரும் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். நேரமில்லை, கொட்டு என்று கையைக் காட்டினார். அந்த மனுசனுக்கும் அந்த இடத்தைவிட்டு ஓடினால் போதும் என்றுதான் இருந்திருக்கும்.

செபமாலை இறங்கினார். கால் தன்பாட்டில் சில்லில் ஏறியது, கை தன்பாட்டில் படங்கை விலக்கியது. பழக்கம் மனுசனைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்? கண் உள்ளே போவதற்கு முன்னமே வாய் கூப்பிட்டுவிட்டது.

“ஆக்கள் இறங்குங்கோ, பெட்டி எழும்பப் போகுது.”

சிப்பாய் ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டான். செபமாலை உள்ளே பார்த்தபடி நின்றார். பாய்கள் குலைந்து கிடந்தன. மேலே ஒரு பெண் கிடந்தாள். கடலில் அலை பிரித்துவிடக் கூடாது என்று தன் சேலைத் தலைப்பால் ஒரு பிள்ளையை இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். நல்ல முடிச்சு. கடலால் அவிழ்க்க முடியவில்லை. பிள்ளையின் தலை தாயின் தாடைக்குக் கீழேயே இருந்தது.

கைப்பிடியை இழுத்தால் அவ்வளவும் கிறவல் மாதிரிச் சரிந்து, தலைகீழாக ஒன்றன்மேல் ஒன்றாய்ப் போய் விழும். தன் வலது கையால் அது நடக்கக் கூடாது என்று செபமாலைக்குப் பட்டது. இழுக்கமாட்டேன் என்று சொன்னால் சுடுவார்கள், அல்லது வேறு ஒருவனை இழுக்கச் சொல்லுவார்கள். இரண்டிலும் பெட்டி எழும்பிவிடும்.

பின்கதவின் கொளுக்கி உப்பில் துருப்பிடித்திருந்தது. எப்போதும் ஸ்பனரால் தட்டித்தான் கழற்றவேண்டும். அவர் ஸ்பனரை எடுத்தார், கொளுக்கியைத் தட்டினார், பிறகு பெட்டிக்குக் கீழே குனிந்தார். றைவர் கீழே குனிந்து பார்ப்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? ஜக்குக்குப் போகிற பைப்பின் நட்டைக் கழன்றுவிழாத அளவுக்கு இளக்கினார். ஏறிப்போய்ப் பம்பைக் கொளுவிக் கைப்பிடியை இழுத்தார். பெட்டி ஒரு முழம் எழும்பியது, நடுங்கியது, திரும்பி உட்கார்ந்தது. பக்கீர் குறையவிட வேண்டாம் என்ற ஒயில் எல்லாம் மணலில் ஊற்றுண்டது.

“பைப் விட்டுட்டுது சேர். இனி எழும்பாது,” என்றார்.

அதிகாரி ஒயிலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு செபமாலையைப் பார்த்தார். லொறி உன்னுடையது, பழுதும் உன்னுடையது, ஆகவே நீயே தனிய இறக்கு என்றார். ஒருவனும் கிட்டப் போகக் கூடாது என்று சிப்பாய்களுக்கும் உத்தரவு. தண்டனை என்று நினைத்துத்தான் சொன்னார். செபமாலை கேட்க நினைத்ததையே தான் கொடுத்தது அதிகாரிக்குத் தெரியாது.

ஒவ்வொருவராகத் தோளில் சாத்தி இறக்கினார். கிடங்குக்குள் இறங்கிப் பக்கம் பக்கமாகக் கிடத்தினார். ஊறின உடம்புகள், பிடித்த இடத்தில் பிடி நிற்காது. ஒவ்வொருவருடைய பாரமும் வேறு வேறாக இருந்தது, அது அவருடைய கைக்குத் தெரிந்தது. தாயையும் பிள்ளையையும் ஒன்றாகத் தூக்கினார், முடிச்சைத் தொடவில்லை. முடிந்த பிறகு கிடங்குக்குள் நின்றபடியே ‘பரலோகத்தில் இருக்கிற’ செபத்தைச் சொன்னார். அவர்கள் வேதக்காரரோ சைவக்காரரோ அவருக்குத் தெரியாது. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் வைத்து அருளம்மா வாளி வாளியாக ஊற்றினாள், மணம் போகவில்லை. நடந்ததைச் சொன்னார். அவள் நல்ல காரியம் என்றாள், உடனேயே அழுதாள். லொறியை எங்கேயாவது விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் தலைமறைவாக இருக்கச் சொன்னாள். தீவில் எங்கே போய் மறைவது? அன்றைக்கு அவர் லெட்சுமணன் செத்ததற்குப் பிறகு முதல்தடவையாக வலது கையைப் பார்க்காமல் சோறு தின்றார். அந்த ஒரு நேரச் சோற்றையாவது கடவுள் நிம்மதியாகத் தின்னவிட்டாரே.

மறுநாள் கடல் மிச்சப் பேரையும் கொண்டுவந்தது.

முகாமிலிருந்து மெக்கானிக் ஒருவனைக் கூட்டிக்கொண்டு ஒயில் கலனோடு அதே அதிகாரி வீட்டுக்கு வந்தார். மெக்கானிக் பெட்டிக்குக் கீழே போனவன் உடனேயே வெளியே வந்தான். நட்டில் புரி கெடவில்லை, பைப்பில் வெடிப்பு இல்லை, யாரோ இளக்கியிருக்கிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னான். செபமாலைக்கு அந்தளவு சிங்களம் விளங்கும். அடிப்பார்கள் என்று காத்திருந்தார். அதிகாரி அடிக்கவில்லை. நேற்றுச் செபமாலை ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். விளங்கியும் என்ன, பொழுது போகிறதே. நட்டை இறுக்கி ஒயிலை ஊற்றச்சொல்லி, தன்னுடைய றைவரை ஆசனத்தில் ஏற்றினார். கரையில் பிரேதங்களை ஏற்றிய கையோடு செபமாலையையும் கொண்டுபோய்க் கிடங்கடியில், எல்லாம் தெரிகிற இடத்தில் நிறுத்தி வைத்தார்.

அந்த றைவர் கெட்டவன் இல்லை, எங்கேயோ ஒரு ஊரில் பெண்சாதி பிள்ளைகளோடு இருக்கிறவன். லொறியைப் பின்னுக்கு விட்டான். ஆசனத்தைவிட்டு இறங்கவில்லை, சில்லில் ஏறவில்லை. கொளுக்கியை வேறு ஒருவன் தட்டிக் கழற்றினான். பம்ப் முனகத் தொடங்கியது. பெட்டியின் முன்பக்கம் மெல்ல மேலே போனது.

அவன் கூப்பிடவில்லை என்பது செபமாலைக்கு அப்போதுதான் உறைத்தது. காவலுக்கு நின்ற சிப்பாயைத் தள்ளிவிட்டு லொறியை நோக்கி ஓடினார். “இறங்குங்கோ, இறங்குங்கோ, பெட்டி எழும்புது,” என்று தொண்டை கிழியக் கத்தினார். பெட்டி நிற்கவில்லை. சிப்பாயின் துவக்குப் பிடியால் நெற்றியில் விழுந்த அடியோடு அவரும் மணலில் விழுந்தார். விழுந்து கிடந்தபடியே மிச்சத்தையும் பார்த்தார்.

லொறியை முகாம் வைத்துக்கொண்டது. செபமாலை பிறகு உயிரோடிருந்த காலம் முழுக்க மீன் சந்தையில் ஐஸ்கட்டி உடைத்தார். பக்கீர் ஆள்விட்டு விசாரித்தபோது, ஒயில் போய்விட்டது, லொறியும் போய்விட்டது, மன்னிக்கச் சொல்லு என்று மட்டும் சொல்லியனுப்பினார். சந்தையடியில் அவரைப் போலக் கூப்பிட்டுச் சிரிக்கிற பகிடியை ஊர் யாரும் சொல்லாமலே விட்டுவிட்டது.

கிடங்கடியில் அடிபட்ட அன்று பின்னேரம் இரத்தம் காய்ந்த முகத்தோடு நடந்து வந்தவரை அருளம்மா வாசல் படலையடியில் கண்டாள். உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தி, சுடுதண்ணீரில் துணியை நனைத்துக் காயத்தைத் துடைத்தாள். யார் அடித்தது, என்ன நடந்தது என்று கேட்டாள். அவர் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தார்.

“நான் கூப்பிட்டனான், அருளம்மா,” என்றார். “ஒருத்தரும் இறங்கேல்லை.”