எல்லாக் கொம்பியூட்டர்லயும் சுகந்தியை ஏத்தின லெஸ்லி

லெஸ்லி போயிட்டான்.

சென்டர்ல படிச்ச புள்ள ஒண்டு அவன்ட படத்தப் போட்டு எழுதியிருந்தா… இப்பதான் போன்ல கண்டன். நேத்தே அடக்கமும் முடிஞ்சுதாம். எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல. நானும் அவனும் கதைக்காத ஆக்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே.

தெரியாத ஆக்களுக்குச் சொல்றன். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு டவுன்ல ஒரு கொம்பியூட்டர் சென்டர் நடந்திச்சு. அங்க கூட்டித் துடைச்சு தேத்தண்ணி ஊத்தினது நான். கொம்பியூட்டர் திருத்தினது லெஸ்லி. பறங்கிப் பொடியன், கடற்கரையோரம் டச்பார்ல வீடு… அந்த வீட்டயும் கடல்தான் கொண்டு போனது.

என்ட மகள் சுகந்தியும் எங்கட ஊர் கதிரவெளியில அந்தக் கடலோடதான் போனவள். கைக்குழந்தைய என்ட கையில தந்திட்டு, என்னத்தையோ எடுக்க உள்ள ஓடினவள்.

அவள்ட ஒரு படமும் மிஞ்சல்ல. தேற்றாத்தீவுத் தங்கச்சிட்ட ஒரு கலியாணப் படம் இருந்திச்சு. அதில ஓரமா, தட்டம் ஏந்திக்கொண்டு நிண்டாள் சுகந்தி. லெஸ்லிதான் அந்த முகத்த மட்டும் வெட்டிப் பெரிசாக்கி, கதவடிக் கொம்பியூட்டர் ஸ்கிரீன்ல போட்டுத் தந்தான்.

"காதுக்குக் கீழ இருந்தது மச்சமா அக்கா? கறை எண்டு அழிக்கப் பாத்தன்" எண்டான்.

"அழிச்சிருந்தா உன்ட கைய முறிச்சிருப்பன்" எண்டன். சிரிச்சான்.

அவன் தந்த பிரின்டையும் கலியாணப் படத்தையும் ஊர்ல திரும்பக் கட்டின வீட்டுச் சுவரில பக்கத்தில பக்கத்தில கொழுவினன். சென்டர்ல ஒவ்வொரு நாளும் காலையில கதவடிக் கொம்பியூட்டரப் போட்டு அவளைப் பாத்துட்டுத்தான் வெளக்குமாற எடுப்பன்.

பிறகு நாட்டில திரும்பவும் சண்டை, செல்லடி. ஊர் வீடு போச்சு. சுவரே இல்ல, படம் எங்க… நான் சென்டர்ல ஒருத்தருக்கும் சொல்லல்ல. அப்ப எல்லாருக்கும் ஒவ்வொரு கதை இருந்திச்சு.

அந்த நேரம் கொம்பியூட்டருக்கெல்லாம் வைரஸ். ஒவ்வொண்டுக்கும் சீடி போட்டுக்கொண்டிருக்க ஏலா, நெட்வேர்க் வயராலயே எல்லாத்திலயும் பழசை அழிச்சு ஒண்டாப் புதுசு ஏத்துறன் எண்டு நிண்டான் லெஸ்லி. நல்லா ஓடுற ஒண்ட அப்பிடியே படி எடுத்து மத்ததுக்கெல்லாம் அனுப்புறதாம். நல்லா ஓடினது கதவடிக் கொம்பியூட்டர்தான்.

"போட்ட உடன F12 அமத்துங்க அக்கா. பிந்தினா பழசுதான் வரும்" எண்டு என்னையும் ஓட விட்டான்.

கறுப்பு ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா ஓடிச்சு. "என்ன மனே செய்யுது?"

"வயருக்குள்ள கூப்பிடுது அக்கா. ஆரும் இருக்கீங்களா, ஆரும் இருக்கீங்களா எண்டு…"

"ஆர் இருக்கா?"

"நான்தான்" எண்டு அவன்ட லெப்டொப்பத் தட்டினான்.

பின்னேரம் தேத்தண்ணித் தட்டோட உள்ள வாறன்… எல்லா ஸ்கிரீன்லயும் சுகந்தி.

எங்க திரும்பினாலும் என்னைப் பாக்கிறாள். படி எடுக்க முந்தி அவளை ஸ்கிரீன்ல இருந்து எடுக்க மறந்திட்டான் லெஸ்லி.

ஒரு பொடியன் "ஆர்டா இது, புது நடிகையா?" எண்டு சிரிச்சான். அந்த வாயை நான் மறக்கல்ல. இப்ப அவன் பெரிய ஒபிஸராம்.

நான் கத்தினன். "அறுவானே! என்ட புள்ள என்ன கடைக் கலண்டரா? எடுடா உடன!"

லெஸ்லிட முகம் வெளிறிப் போச்சு. அவளை எடுத்துப்போட்டுத் திரும்பவும் படி எடுத்து, திரும்பவும் எல்லாத்துக்கும் ஏத்தினான். கதவடிக்கும் சேத்து.

அடுத்த நாள் காலையில போய்ப் போட்டன். அவள் இருந்த இடத்தில பச்சைப் புல்லும் நீல வானமும்.

அவனக் கூப்பிட்டுக் கேட்டன். "வீட்டில பெரிசாக் கொழுவியிருக்கு எண்டீங்களே அக்கா…" எண்டான்.

"வீடு எங்கடா இருக்கு?"

அதோட எங்கட கதை பேச்சு நிண்டது.

அழிஞ்சத எடுக்கிற சொப்ட்வேர் போட்டுக் கிழமைக்கணக்கா இருந்தான். அவன்ட லெப்டொப்பிலயும் சேத்து, பழசுக்கு மேலால புதுசை ஏத்தினதால ஒண்டும் வரல்ல. நத்தாருக்கு கேக் கொண்டு வந்தான். நான் டவுன்ல இருந்த வீட்டுக் கேற்றத் திறக்கல்ல. அழிக்க முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இண்டைக்கும் அதைத்தான் சொல்லுவன்.

சண்டை முடிஞ்சு கனகாலத்துக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில கண்டன். சுகந்திட மகள் பள்ளிக்கூட உடுப்போட எனக்குப் பக்கத்தில. நான் முகத்தத் திருப்பிட்டன்.

அவன் பிள்ளையையே பாத்துக்கொண்டு நிண்டான். "தாயிட அதே நாடி, அதே முகவெட்டு… மச்சம் மட்டும் இல்ல" எண்டான். என்னட்டயா, தனக்குத் தானா தெரியல்ல.

பஸ்ஸுக்குள்ள பிள்ளை விடல்ல. "ஆர் அம்மம்மா அது? அம்மாவத் தெரியுமா அவருக்கு?"

"தெரியாது" எண்டன். பொய்யில்ல. உயிரோட அவன் சுகந்தியைக் கண்டதே இல்ல.

தங்கச்சியும் இப்ப இல்ல. ஊர்ல அவளைத் தெரிஞ்ச சனம் தண்ணியிலயும் சண்டையிலயும் போச்சு. அந்த முகத்த ஞாபகம் வச்சிருக்க இனி நான் ஒருத்திதான்…

கோவம் போகல்ல மனே. போயிட்டு வா.

அங்க சுகந்தியைக் கண்டா உனக்கு அடையாளம் தெரியும். அவளுக்கு உன்னைத் தெரியாது… நீதான் முதல்ல கதைக்கணும்.