மாடியில் விசில் நின்றபோது

முதல் அறிகுறி எனக்கு நல்ல செய்தியாகத்தான் வந்தது. எங்கள் மாடியில் விசில் சத்தம் நின்றுபோனது.

என் கணவர் நஸீர் மட்டாஞ்சேரியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார். கடை நேரம் போக மிச்ச உயிரெல்லாம் மாடியில் வளர்த்த புறாக்களிடம்தான். விசிலடித்துப் பறக்கவிட்டுக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பார். அவற்றை நான் சக்களத்திகள் என்பேன். எச்சத்தைக் கழுவுகிறவள் நான்தானே.

அந்த மனிதர் ஒரு மழைக்காலத்தில் போனோடு சோபாவில் உட்கார்ந்தார். வண்ண உருண்டைகளைச் சேர்த்து வெடிக்கவைக்கும் விளையாட்டு. சாயா ஆறிப்போகும், கடை திறக்க நேரமாகும், விரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். "இந்த ஒரு லெவல்தான், வந்துடறேன்" என்பார். நான் திட்டவில்லை. மாடியை விட்டு வீட்டுக்குள் இருக்கிறாரே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

புறாக்களுக்கு இரை போடும் வேலையும் என் தலையில் விழுந்தது. இடக்கொச்சியில் புறா வளர்க்கும் பாபு சேட்டனைக் கூப்பிட்டு ஒரு ஜோடியைக் கொடுத்தேன். பெரிய சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. பிறகு இன்னும் சில. கடைசியில் கூண்டே காலியானது. அவர் தலை நிமிரவில்லை. தொல்லை விட்டது என்று ஃபினாயில் ஊற்றி மாடியைக் கழுவினேன்.

உடம்பு இளைத்தார். தூக்கம் போயிற்று. ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் சொன்னார்: "உருண்டை வெடிக்கிறப்பகூட ஒண்ணும் தோணல ஆமினா. நிறுத்தினா அதைவிட பயமா இருக்கு."

அதற்கப்புறம்தான் எர்ணாகுளத்து மனநல டாக்டரிடம் போனோம். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரம்மா என்னிடம் கேட்டார். "முன்னாடி இஷ்டமா என்ன செய்வார்?"

"புறா வளர்ப்பார்."

"இப்போ?"

"எல்லாத்தையும் நான் கொடுத்துட்டேன், டாக்டர். இதுவரைக்கும் அவர் கேட்கவே இல்ல."

டாக்டரம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் ஆறியிருக்கும். இது மனச்சோர்வு நோய் என்றார். இதில் அன்ஹெடோனியா (பிடித்ததில்கூட இன்பம் தெரியாமல் போவது) என்பது முக்கியமான அறிகுறியாம். விளையாட்டு அவர் போய் ஒளிந்துகொண்ட இடம் மட்டும்தானாம். ஒளிந்திருந்தவரை நான் தேடவேயில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் தனக்கு உயிராய் இருந்ததை விட்டுவிட்டால், தயவுசெய்து நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள்.

மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கானது. நாக்கு வறண்டது, பகலெல்லாம் மயக்கம். பேச்சு சிகிச்சைக்கும் (மனதில் உள்ளதைப் பேசவைத்துச் சரிசெய்வது) போய்வந்தார். விளையாடும் நேரம் மெல்லக் குறைந்தது.

ஒரு காலையில் மாடிப்படியில் அவர் காலடி கேட்டது. ஏறினார். உடனே இறங்கி வந்தார்.

"பறவைங்க எங்கே?"

"கொடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

தெருவே கேட்கும்படி கத்தினார். நான் பயந்திருந்த சண்டை அன்றுதான் வந்தது. வெட்கத்தில் அழுதேன், கத்துகிறாரே என்ற சந்தோஷத்திலும் அழுதேன்.

இருவரும் இடக்கொச்சிக்குப் போனோம். மற்றவை கைமாறிப் போயிருந்தன. ஒரு வெள்ளைப் பெட்டை மட்டும் இருந்தது, அதற்கும் இறக்கையில் இறகுகளை வெட்டியிருந்தார்கள். வெட்டாவிட்டால் பழைய வீட்டுக்கே பறந்துவிடுமாம். எச்சம் கழுவிய எனக்கு இது தெரியவில்லை. "வெட்டின இறகு உதிர்ந்து புதுசா முளைக்கணும். அவசரப்பட்டா நடக்காது" என்றார் என் கணவர். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இப்போதும் சாயங்காலம் கொஞ்சம் விளையாடுகிறார். அந்தச் சத்தம் கேட்டால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுகிறேன். காலையில் அந்த வெள்ளைப் பெட்டையின் இறக்கையை விரித்துப் பார்ப்பார். நேற்று என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். உறை உரியாத புது இறகு ஒன்று முள்ளாய்க் குத்தியது.

விசில் மட்டும் அடிப்பதில்லை. விசில் காதில் விழுந்தால் புறா எழும்பப் பார்த்து விழுந்துவிடுமாம். இறகு முளைக்க எத்தனை நாளாகும் என்று நாள்காட்டி பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். மாடியை மறுபடியும் நான்தான் கழுவுகிறேன். மற்ற நேரம் அடுப்படியில் நின்றாலும் காது மாடியில்தான் இருக்கிறது.