உறுமாத நாய்க்கு முதல் பரிசு

ஹில்கா ரெம்மர்ஸ் இருபத்தேழு வருஷமாக எங்கள் ஊரில் தபால் கொடுக்கிறாள். மஞ்சள் சைக்கிள், முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, எந்தப் பக்கம் போனாலும் எதிர்க்காற்று. கடலணையை ஒட்டிய தெருக்களில் அவள் பொறுப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அவற்றில் அறுபத்து மூன்றில் நாய். இந்தக் கணக்கு என்னுடையது இல்லை, அவளே சொல்வது. கேட்காவிட்டாலும் சொல்வாள். தபால் பிரிக்கும் மேசையில் அவளுக்கு அடுத்த இடம் என்னுடையது என்பதால், காலை ஆறரை மணிக்கே அறுபத்து மூன்று நாய்களின் நலமும் எனக்கு வந்து சேர்ந்துவிடும்.

போன பிப்ரவரி வரை ஒரு நாயும் அவளைக் கடித்ததில்லை. என்னை நான்கு கடித்திருக்கின்றன. அதில் ஒன்று என் சொந்த நாய்.

மற்ற தபால்காரர்களான நாங்கள் சட்டைப்பையில் பிஸ்கட் வைத்திருப்போம். ஹில்கா வைக்க மாட்டாள், லஞ்சம் கொடுத்து வாங்குகிற நட்பு தனக்கு வேண்டாம் என்பாள். கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி நிற்பாள். நாய் உறுமினால் நின்ற இடத்திலிருந்தே அதனிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவாள். உறுமல் அடங்கினால் ஓர் அடி முன்னால். மறுபடி கேட்டால் அரை அடி பின்னால். இப்படியே நடந்துதான் அத்தனை வீட்டுப் பெட்டியிலும் தபால் போட்டாள்.

"உறுமுற நாய் மரியாதை தெரிஞ்ச நாய், ஹப்போ. இதுக்கு மேல வராதேன்னு வாயத் திறந்து சொல்லுதுல்ல? நம்ம ஊர்ல எத்தனை பேர் அப்படிச் சொல்றாங்க?" என்பாள். ஹப்போ நான்தான்.

கெரோல்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹில்காவின் அக்கா அல்முத்தின் கணவன். இரும்புக் கடைக்காரன். நல்ல மனிதன், அதை மறைத்தால் நான் பொய்யன். புயலில் உங்கள் வீட்டு ஓடு பறந்தால் ஏணியோடு முதலில் வந்து நிற்பவன் அவன்தான். அதே ஆள்தான் பத்தொன்பது வருஷமாக நாய்ப் பயிற்சிக் கிளப்பின் தலைவனும். சனிக்கிழமைதோறும் அணைக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் கிளப் கூடும். நாய் இல்லாதவர்கள்கூட வருவார்கள், ஏனென்றால் அங்கே சாசேஜ் சுடப்படும். சுடுகிறவன் நான்.

கெரோல்டின் முறையில் குழப்பமே கிடையாது. தப்புச் செய்தால் வலிக்க வேண்டும், வலித்தால் மறக்காது. உள்பக்கம் இரும்பு முள் வைத்த கழுத்துப் பட்டை, அதில் ஒரே சுண்டு. உறுமினால் மல்லாக்கத் தள்ளி, நாய் கண்ணை விலக்கிக்கொள்ளும் வரை மேலே அழுத்திப் பிடிப்பது. முள் பட்டைக்குத் தடை வந்த வருஷம் கிளப்பில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. எல்லா நாய்களுக்கும் கழுத்தைச் சுற்றி நீலத் துணி. கிளப்பின் பெயரை அல்முத்தே தைத்துக் கொடுத்தாள். விடுமுறைக்கு வந்தவர்கள் அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டார்கள். துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உறுப்பினர் நாற்பது பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் சாசேஜ் கருகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காஸ்பர் என்ற நாய் கிளப்புக்கு வந்து சேர்ந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கும் ஸ்வான்ட்யே தனியாக வாழ்கிறவள். நாய்க் காப்பகத்திலிருந்து அந்தப் பெரிய கறுப்பு நாயை எடுத்து வந்தாள். முன்பு யார் வீட்டில் என்ன பட்டதோ, கேட்டுக்கு வருகிற எல்லோரையும் பார்த்து உறுமும். பக்கத்து வீட்டார் முணுமுணுத்தார்கள். பயந்துபோய் அவள் கெரோல்டிடம் கொண்டு போனாள். ஐந்தே மாதம். காஸ்பரின் வாயிலிருந்து சத்தமே வருவதில்லை. இலையுதிர்காலத் தேர்வில் அதற்குத்தான் முதல் பரிசு. பெரிய வெள்ளிக் கோப்பை. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

ஹில்கா மட்டும் தட்டவில்லை. திங்கட்கிழமை வேலையில் என்னிடம் சொன்னாள்: காஸ்பர் இப்போது தன்னைப் பார்க்கும்போது மரக்கட்டைபோல் விறைத்து நிற்கிறதாம், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதாம், கண்ணின் வெள்ளை தெரிகிறதாம். ஸ்வான்ட்யேயிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நாய் குணமாகிவிட்டது என்று அவள் சிரித்தாளாம்.

பிப்ரவரியில் ஒரு பார்சல், கையெழுத்து வாங்க வேண்டியது. ஸ்வான்ட்யே கதவைத் திறந்தாள். பக்கத்தில் காஸ்பர், சத்தமில்லாமல். ஹில்கா கையெழுத்துக் கருவியை நீட்டினாள். காஸ்பர் அந்தக் கையைக் கவ்வியது. பதினான்கு தையல். வலது கையில் இரண்டு விரல்கள் இன்னமும் முழுசாக மடங்குவதில்லை.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். கெரோல்டும் அல்முத்தும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள், பூங்கொத்தும் தட்டச்சு செய்த ஒரு தாளுமாக. நகராட்சிக்குக் கொடுக்க வேண்டிய வாக்குமூலம். நாய் காரணமின்றி, எச்சரிக்கையின்றித் தாக்கியது, பிறவியிலேயே கெட்ட குணம் என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கெரோல்ட் சொன்னான். ஊசி போட்டு முடித்துவிடலாம், ஸ்வான்ட்யேயைத் தானே காரில் அழைத்துப்போவதாகவும் சொன்னான். இரக்கத்தோடுதான் சொன்னான்.

ஹில்கா தாளை இரண்டு தடவை படித்தாள். பேனா கேட்டாள். "பிறவியிலேயே கெட்ட குணம்" என்பதை அடித்தாள். இடது கையால், முதல் வகுப்புப் பிள்ளைபோல் கோணல்மாணலாக அடியில் எழுதினாள்: எச்சரிக்கை செய்யவில்லை, ஏனென்றால் எச்சரித்த ஒவ்வொரு தடவையும் அதை வதைத்தார்கள். கிளப்பில் நீலத் துணிக்கு அடியில் பாருங்கள்.

கெரோல்ட் முகம் சிவந்து, குடும்பத்துக்குள் இதெல்லாம் தேவையா என்று கேட்டான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"அல்முத், அப்பாவோட கரண்டி ஞாபகம் இருக்கா? எனக்குத் திக்கும். தேநீர் மேசைல நான் திக்கினா டக்குனு கரண்டியால மேசையத் தட்டுவாரு. ஒருநாள் நான் பேசறதையே நிறுத்திட்டேன். பொண்ணு சரியாயிட்டான்னு ஊரெல்லாம் சொன்னாரு. நான் சரியாகலடி. உள்ளுக்குள்ள எரிஞ்சுகிட்டு இருந்தேன். ஒரு கத்தி கைல கெடைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பேனோ."

அல்முத் பூக்களைத் தண்ணீரில் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை நகராட்சியிலிருந்து சோதனைக்கு வந்தார்கள். ஊரில் ரகசியம் தங்குமா? அவர்கள் வருவதற்கு அரை மணி முன்பே கிளப்புக்குச் சேதி வந்துவிட்டது. நீலத் துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தார்கள். அடியில் சாதாரணத் தோல் பட்டை. ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அத்தனை முள் பட்டையும் என் ஐஸ் பெட்டிக்குள், சாசேஜ்களுக்கு அடியில் கிடந்தது. அதன் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் பெரிய அதிகாரிக்கு இரண்டு சாசேஜ் கடுகோடு கொடுத்ததும் நான்தான்.

அன்றிலிருந்து ஹில்கா பொய்க்காரி ஆனாள். கையும் போய், பேரும் போய். அவள் தபால் போடும் தெருவிலேயே ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். அக்கா தொலைபேசியில் அழைப்பதை நிறுத்தினாள். பிறந்தநாள் விருந்துக்கு யாரும் கூப்பிடவில்லை. அவள் வாக்குமூலம் செல்லாது என்றானதால் காஸ்பருக்கு வழி ஒன்றுதான் மிச்சம்: மே மாதம் அரசு அங்கீகரித்த கால்நடை மருத்துவர் முன்னால் குணச் சோதனை. தோற்றால் ஊசி. இதெல்லாம் தெரிந்தும் நான் இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாவது வாரம் தபால் மேசையில் அவளிடம் ஐஸ் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"நீ எத்தனை நேரம்டா அது மேல ஒக்காந்திருந்த?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"குளிர்ந்துச்சா?"

"ரொம்ப."

"சரி, எந்திரி. அதையே நகராட்சில வந்து சொல்லு."

போனோம். சொன்னேன். அந்த அதிகாரி தான் தின்ற சாசேஜை நினைத்து முகம் சுளித்தார், கையெழுத்து வாங்கினார். கிளப்பின் மீது விசாரணை தொடங்கியது. என் அடுப்பு கிளப் வாசலுக்கு வெளியே தூக்கி வைக்கப்பட்டது.

காஸ்பருக்கு அது போதாது. காகிதத்தில் நியாயம் கிடைத்தாலும் நாய்க்குப் பேச்சு திரும்ப வேண்டுமே. அன்று சிரித்த ஸ்வான்ட்யே இப்போது ஹில்கா சொன்னதை நம்பி, காஸ்பரின் முள் பட்டையைக் கடலில் எறிந்தாள். ஞாயிறுதோறும் பிற்பகல் ஹில்கா அவள் கேட்டுக்கு வெளியே போய் நிற்பாள். பத்து அடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பி. ஸ்வான்ட்யே தேநீரைக் கோப்பையில் கொண்டு வந்து கேட்டுக்கு மேலாக நீட்டுவாள், எங்கள் ஊர் வழக்கப்படி கற்கண்டும் பாலாடையும் போட்டு. மூன்று கோப்பை குடித்து முடியும்வரை ஹில்கா நிற்பாள், மழையைப் பற்றிப் பேசுவாள், போய்விடுவாள். காஸ்பர் வாசலில் விறைத்தபடி உதட்டை நக்கும். கடித்த நாய்க்கு முன்னால் வாராவாரம் போய் நிற்கிறாள், மூளை கலங்கிவிட்டது என்று ஊர் பேசியது.

ஏழாவது ஞாயிறு நானும் போயிருந்தேன். ஹில்கா ஓர் அடி கூடுதலாக முன்னால் போனாள். காஸ்பரின் நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ கரகரத்தது, தொண்டை வரை வந்து நின்றது. உடனே அது குனிந்து, அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டது. ஸ்வான்ட்யே பழக்கதோஷத்தில் "ச்சீ, சும்மாயிரு" என்று ஆரம்பித்தாள்.

"அதட்டாத," என்றாள் ஹில்கா. "அது பேசட்டும்."

மெதுவாக இரண்டு அடி பின்னால் போனாள். காஸ்பர் கண்ணைத் திறந்தது. அடி விழவில்லை. சொன்னதை ஒருத்தி கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அது அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அன்று ஹில்கா அழுதாள், நான் பார்த்ததில் அந்த ஒரே தடவை.

மே மாதக் குணச் சோதனை துறைமுகத்துப் பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்தது. கம்பி வேலிக்கு வெளியே கிளப் ஆட்கள் பதினைந்து பேர், நடுவில் கெரோல்ட். அல்முத்தின் கையில் ஆஸ்டாவின் கயிறு. ஆஸ்டா கெரோல்டின் நாய், எட்டு வயசு, கோப்பைகளால் ஒரு அலமாரியையே நிரப்பியவள்.

மருத்துவர் ஒரு நரைத்த பெண்மணி, வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவர். சைக்கிள் போனது, வாளி உருண்டது, ஓட்டக்காரர் ஒருவர் உரசிக்கொண்டு போனார். காஸ்பர் ஸ்வான்ட்யேயின் காலோடு ஒட்டிக்கொண்டு சமாளித்தது. கடைசியில் ஓர் ஆள் குடையைப் பட்டென்று விரித்து நேரே அதை நோக்கி வந்தான். காஸ்பர் உறுமியது. வேலிக்கு வெளியே உள்ளவர்களுக்கும் கேட்கும்படி, ஆழமாக, நீளமாக.

கெரோல்ட் பெருமூச்சு விட்டான். "முடிஞ்சுது," என்றான்.

குடைக்காரன் நின்று, இரண்டு எட்டு பின்வாங்கினான். உறுமல் நின்றது. காஸ்பர் உடம்பை உதறிவிட்டு ஸ்வான்ட்யேயை நிமிர்ந்து பார்த்தது. மருத்துவர் எழுதினார், எழுதி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"தேறிடுச்சு. வெளிய கயிறு கட்டாயம். பொறுக்க முடியாதப்ப உறுமிச் சொல்லுது, தள்ளிப் போனா அடங்குது. இதுக்கு மேல ஒரு நாய்கிட்ட என்னத்த எதிர்பார்க்கிறது? சொல்லாமலே கடிக்கிறதைத்தான் நான் திருப்பி வீட்டுக்கு அனுப்புறதில்ல."

ஸ்வான்ட்யே அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹில்கா வேலிப் பக்கம் போனாள். கெரோல்ட் சும்மா விடவில்லை.

"மூணு மாசம் கொஞ்சிக் குலாவி என்ன கிழிச்ச? இன்னும் உறுமிக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஆமா, உறுமுது," என்றாள் ஹில்கா. "பிப்ரவரில உறுமியிருந்தா என் விரல் ரெண்டும் மடங்கும்."

பிறகு அவள் அவனை விட்டுவிட்டு ஆஸ்டாவைப் பார்த்தாள், கேட்டுக்கு வெளியே நின்று நாய்களைப் பார்க்கிற அதே பார்வை. ஆஸ்டா அத்தனை கால்களுக்கும் நடுவில் அசையாமல் நின்றாள். நாக்கு உதட்டில் போய் வந்துகொண்டிருந்தது.

"அல்முத், ஆஸ்டா கடைசியா எப்ப உறுமினா?"

"உறுமினதே இல்லையே," என்றாள் அல்முத். எத்தனையோ விருந்துகளில் பெருமையாகச் சொன்ன பதில், வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. நாயின் தலைமேல் இருந்த கையை மெதுவாக எடுத்தாள்.

"பாவம்டி அவ," என்றாள் ஹில்கா. "எட்டு வருஷம்."

அல்முத் கயிற்றைக் கெரோல்டின் கையில் கொடுத்தாள். வேலியைச் சுற்றி நடந்து, திறந்திருந்த வழியாக உள்ளே வந்து தங்கையின் பக்கத்தில் நின்றாள். கெரோல்ட் சிரிக்கப் பார்த்தான். கூட இருந்தவர்கள் சிரிக்கவில்லை. ஆஸ்டாவைப் பார்த்தார்கள், ஒவ்வொருவராகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகினார்கள். அவனும் குனிந்து தன் நாயின் கண்களைப் பார்த்தான். அந்தக் கயிறு இரண்டு மீட்டர் நீளம். அதன் இன்னொரு முனை வரைக்கும் தள்ளிப்போய் அவன் நின்றான்.